சாட்சி சொல்லும் பெண்களும் வேடிக்கை பார்க்கும் நாமும்!



'உஷாஹிதி' என்று ஒரு சொல். கிழக்கு ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கான மக்கள் பேசும் சுவாஹிலி மொழிச் சொல். 'சாட்சியம்' என்பது அதன் பொருள். மதரஸாவின் வாசலை மிதித்தவர்களுக்கு இதற்கு அகராதி தேவையில்லை. 'ஷாஹித்', 'ஷஹாதத்' என்று நாம் ஓதிப் பழகிய அதே அரபி வேரிலிருந்து பிறந்த சொல்தான் அது. பாய்மரக் கப்பலில் போன அரபு வணிகர்கள் அந்தக் கரையில் சரக்கோடு சேர்த்து இறக்கிவிட்டு வந்த சொற்களில் அதுவும் ஒன்று.

2008-ம் ஆண்டு ஜனவரி மாதம் இந்தச் சொல்லை உலகறியச் செய்தவர் ஒரு பெண். அவர் கையில் ஆட்சி இல்லை, கட்சி இல்லை, பத்திரிகை இல்லை, தொலைக்காட்சி இல்லை. ஒரு கம்ப்யூட்டரும், இணையத்தில் அவர் எழுதி வந்த வலைப்பதிவும் மட்டுமே இருந்தன.

இன்றைக்கு நம் வீடுகளில் போன் இல்லாத கை உண்டா? கடையில் வியாபாரம் மந்தமானால் போன். பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்தால் போன். சமுதாயத்துக்கு ஓர் அநீதி என்று கேள்விப்பட்டால் உடனே பத்துக் குழுக்களுக்கு அனுப்புகிறோம். கோபமாக நாலு வரி எழுதுகிறோம். கடமை முடிந்தது என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கிப் போகிறோம். அநீதி மட்டும் தூங்குவதில்லை!

இதே கருவியைக் கையில் வைத்துக்கொண்டு உலகின் வேறு மூலைகளில் பெண்களும், லாப நோக்கமில்லாத சிறு தொண்டு அமைப்புகளும் என்ன சாதித்தார்கள், எங்கே சறுக்கினார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதை நம் இளைஞர்களும் வணிகப் பெருமக்களும் அறிய வேண்டும். அதற்காகவே இந்தத் தலையங்கம்.

கென்யாவின் சாட்சி

2007 டிசம்பர் 27 அன்று கென்யாவில் அதிபர் தேர்தல் நடந்தது. மூன்று நாள் கழித்து, பதவியில் இருந்த முவாய் கிபாகியே வென்றதாக அறிவித்து, அவசர அவசரமாகப் பதவிப் பிரமாணமும் செய்து வைத்தார்கள். ரைலா ஒடிங்காவின் ஆதரவாளர்கள் 'மோசடி' என்று கொதித்தெழுந்தார்கள். நாடு இனவாரியாகப் பிளந்துகொண்டது. அடுத்த சில வாரங்களில் 1,100-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். லட்சக்கணக்கானோர் வீடு வாசல் இழந்தனர்.

ஆட்சியாளர்கள் முதலில் செய்த காரியம் என்ன? தொலைக்காட்சியிலும் வானொலியிலும் நேரடி ஒளிபரப்புக்குத் தடை போட்டார்கள். கொலையை நிறுத்துவதற்கு முன் செய்தியை நிறுத்தினார்கள்!

ஓரி ஒகொல்லோ என்ற இளம் பெண் வழக்கறிஞர் அப்போது ஓட்டுப் போடுவதற்காக நாடு வந்திருந்தார். ஹார்வர்டில் சட்டம் படித்தவர். 'கென்யன் பண்டிட்' என்ற பெயரில் வலைப்பதிவு எழுதி வந்தார். அதற்கு முன்பே, 2006-ல், நண்பர் ஒருவரோடு சேர்ந்து 'ம்ஸலெண்டோ' என்ற இணையதளத்தைத் தொடங்கியிருந்தார். எந்த எம்.பி. நாடாளுமன்றத்தில் என்ன பேசினார், வாயே திறக்காமல் யார் உட்கார்ந்திருந்தார் என்பதை வாக்காளர்கள் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு அது. ஆக, கலவரம் வந்த பிறகு திடீரென்று முளைத்தவர் அல்லர் அவர். அமைதிக் காலத்திலேயே உழைத்து, மக்களின் நம்பிக்கையைச் சேர்த்து வைத்திருந்தவர். இதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பத்திரிகைகள் அடங்கிப்போன அந்த நாட்களில் நாலா பக்கமிருந்தும் மக்கள் அவருக்குச் செய்தி அனுப்பினார்கள். ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியவில்லை. 2008 ஜனவரி முதல் வாரத்தில், 'எங்கே, என்ன நடக்கிறது என்பதை நாட்டின் வரைபடத்தில் குறித்துக்காட்ட யாராவது உதவ முடியுமா?' என்று எழுதினார். அதைப் படித்த கம்ப்யூட்டர் வல்லுநர்கள் சிலர் சில நாட்களில் அதைச் செய்து முடித்தார்கள். சாதாரண செல்போனிலிருந்து ஓர் எஸ்.எம்.எஸ். போதும். சம்பவம் நடந்த ஊர், நேரம், நடந்தது என்ன என்பது வரைபடத்தில் புள்ளியாக விழுந்தது. உள்ளூரில் பணியாற்றிய தொண்டு நிறுவனங்கள் வழியாகச் செய்திகளைச் சரிபார்க்கவும் செய்தார்கள். அதற்கு வைத்த பெயர்தான் 'உஷாஹிதி'.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே நாட்களில், அதே கென்யாவில், அதே செல்போன்களில், 'அந்த இனத்தானை விடாதே' என்ற வெறிச் செய்திகளும் பறந்தன. கருவி ஒன்றுதான். ஒருவன் அதில் சாட்சி சொன்னான்; இன்னொருவன் அதில் கத்தி தீட்டினான்.

உஷாஹிதி அத்தோடு நிற்கவில்லை. லாப நோக்கமற்ற நிறுவனமாக வளர்ந்தது. ஓரிக்குப் பின் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தவரும் ஜூலியானா ரோடிச் என்ற பெண்தான். 2010 ஜனவரி 12 அன்று ஹைத்தி நாட்டைப் பூகம்பம் புரட்டிப்போட்டபோது, 4636 என்ற எண்ணுக்கு இடிபாடுகளின் நடுவிலிருந்து மக்கள் செய்தி அனுப்பினார்கள். வெளிநாடுகளில் வாழ்ந்த ஹைத்தி மக்கள் தங்கள் தாய்மொழியில் வந்த அந்தச் செய்திகளை உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாணவர்கள் அவற்றை வரைபடத்தில் ஏற்றினார்கள். மீட்புக் குழுக்கள் அதைப் பார்த்துப் புறப்பட்டன. கடல் கடந்து பிழைக்கப் போனவனும் தன் ஊருக்கு உதவ முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நம் ஊர்களிலிருந்து வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் சகோதரர்கள் சிந்திக்க வேண்டும்.

துனீசியாவின் ஆசிரியை

அடுத்து, வட ஆப்பிரிக்காவின் துனீசியாவுக்கு வாருங்கள். ஜைனுல் ஆபிதீன் பின் அலி 23 ஆண்டுகள் அந்த நாட்டை இரும்புப் பிடியில் வைத்திருந்தார். யூடியூப் தடை. எதிர்த்து எழுதிய வலைப்பதிவுகளுக்குத் தடை. பேஸ்புக்கையும் 2008-ல் சில நாட்கள் தடுத்துப் பார்த்துவிட்டு, எதிர்ப்புக் கிளம்பியதால் திறந்துவிட்டார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் பின்னாளில் வெள்ளம் புகுந்தது.

லீனா பென் மென்னி என்பவர் துனிஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய இளம் ஆசிரியை. 1983-ல் பிறந்தவர். நோயாளி. தாயார் தானமாகக் கொடுத்த சிறுநீரகத்தோடு வாழ்ந்தவர். 'துனீசியப் பெண்' என்ற பெயரில் அரபியிலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். மற்றவர்கள் புனைபெயருக்குள் ஒளிந்து எழுதிய காலத்தில், சொந்தப் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் எழுதினார். 2010-ல் அவர் பெற்றோர் வீட்டுக்குள் புகுந்து கம்ப்யூட்டரையும் கேமராவையும் எடுத்துப் போனார்கள். அவர் நிறுத்தவில்லை.

2010 டிசம்பர் 17 அன்று சிதி பூசித் என்ற சிற்றூரில், தள்ளுவண்டியில் பழம் காய்கறி விற்றுப் பிழைத்த முஹம்மது பூஅஸீஸீ, அதிகாரிகள் தன் சரக்கைப் பறித்து அவமானப்படுத்தியதால் தீக்குளித்தார். தீக்குளிப்பை நாம் ஒருபோதும் ஏற்கமாட்டோம். ஆனால் ஒரு சிறு வியாபாரியை அந்த நிலைக்குத் தள்ளிய ஆட்சியை யார் ஏற்க முடியும்? கடை வைத்திருக்கும் சகோதரர்களே, தராசைப் பிடுங்கிப் போகும் அதிகாரியின் கை எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாதா!

போராட்டம் உள்நாட்டு ஊர்களுக்குப் பரவியது. 2011 ஜனவரியில் கஸ்ஸரீன், ரெகேப் ஆகிய ஊர்களில் பாதுகாப்புப் படை சுட்டது. அரசுத் தொலைக்காட்சி மூச்சு விடவில்லை. லீனா தலைநகரில் உட்கார்ந்து கண்டன வரிகள் எழுதிக்கொண்டிருக்கவில்லை. அந்த ஊர்களுக்கே போனார். மருத்துவமனைக்குள் நுழைந்தார். கொல்லப்பட்டவர்களின் உடல்களைப் படம் எடுத்தார். குடும்பத்தாரைச் சந்தித்தார். கண்டதை எழுதி வெளியிட்டார். உலகப் பத்திரிகைகள் அவரைத் தேடி வந்தன. பேஸ்புக்கில் இளைஞர்கள் ஏற்றிய காட்சிகளை அல்ஜஸீரா எடுத்து ஒளிபரப்பியது. இணையமே பார்க்காத கிராமத்துக் கிழவனும் வீட்டுத் தொலைக்காட்சியில் உண்மையைப் பார்த்தான். 2011 ஜனவரி 14 அன்று பின் அலி நாட்டைவிட்டு ஓடினார்.

'பேஸ்புக் புரட்சி' என்று மேலைநாட்டு ஊடகங்கள் இதற்குப் பெயர் சூட்டின. சகோதரர்களே, ஏமாந்துவிடாதீர்கள்! ஊர் ஊராகத் தொழிற்சங்கக் கிளைகள் இருந்தன. அவை வேலைநிறுத்தம் செய்தன. வழக்கறிஞர்கள் அங்கி அணிந்து தெருவில் இறங்கினார்கள். குண்டுக்கு நெஞ்சைக் கொடுத்தவர்கள் ஏழை இளைஞர்கள். பேஸ்புக் அவர்களின் குரலைச் சுமந்து சென்றது, அவ்வளவுதான். குரலே இல்லாத இடத்தில் ஒலிபெருக்கி என்ன செய்யும்?

புரட்சி முடிந்த பிறகும் லீனா ஓயவில்லை. புதிய ஆட்சியாளர்களையும் கேள்வி கேட்டார். கொலை மிரட்டல் வந்தது. போலீஸ் காவலோடு நடமாட வேண்டியதாயிற்று. அந்த நிலையிலும் 2016-ல் தன் தந்தையோடு சேர்ந்து சிறைச்சாலை நூலகங்களுக்குப் புத்தகம் சேர்க்கும் வேலையைத் தொடங்கினார். தந்தையும் முன்னாள் அரசியல் கைதிதான். சமூக வலைத்தளத்தில் விடுத்த வேண்டுகோளுக்குப் பல்லாயிரக்கணக்கான புத்தகங்கள் வந்து குவிந்தன. சிறைக்குப் போன இளைஞன் தீவிரவாதியாக வெளியே வரக்கூடாது, படித்தவனாக வர வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். 2020 ஜனவரியில், 36 வயதில், லீனா நோயால் இறந்தார். அவருடைய எல்லாக் கருத்துக்களையும் நாம் ஏற்றாக வேண்டும் என்பதில்லை. ஆனால் இந்த உழைப்பை மறுக்க யாருக்கு மனம் வரும்?

கெய்ரோவின் கடைக்காரர்கள்

வணிகச் சகோதரர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும்.

எகிப்தின் தெருக்களில் பெண்கள் படும் பாட்டை அங்குள்ள பெண்ணுரிமை மையம் ஒன்று 2008-ல் ஆய்வு செய்து வெளியிட்டது. விசாரித்த எகிப்தியப் பெண்களில் 83 சதவீதம் பேர் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். ஹிஜாப் அணிந்த பெண்களும் தப்பவில்லை. 'அவள் உடுத்தியது சரியில்லை' என்று சாக்குச் சொல்லி வந்தவர்களின் வாயை அந்த ஆய்வு அடைத்தது.

2010 டிசம்பரில் சில பெண்கள் சேர்ந்து 'ஹராஸ்மேப்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கென்யாவில் பிறந்த அதே உஷாஹிதியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். பாதிக்கப்பட்ட பெண் பெயரைச் சொல்லாமலே எஸ்.எம்.எஸ். அனுப்பலாம். எந்தத் தெருவில், எந்த நேரத்தில் நடந்தது என்பது வரைபடத்தில் பதிவாகும். அவளுக்கு எங்கே உதவி கிடைக்கும் என்ற பதிலும் போகும்.

இதோடு நின்றிருந்தால் அது வெறும் புகார்ப் பெட்டி. அவர்கள் அடுத்து என்ன செய்தார்கள் தெரியுமா? தொண்டர்களைத் திரட்டி, ஆண்களும் பெண்களுமாக அந்தந்தத் தெருக்களுக்கே இறங்கிப் போனார்கள். யாரைப் பார்த்தார்கள்? அமைச்சரையா? இல்லை. பெட்டிக்கடைக்காரரை, டீக்கடைக்காரரை, கட்டடத்து வாயிற்காவலரை! நாள் முழுவதும் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தானே? 'உங்கள் கடை வாசலில் ஒரு பெண்ணை ஒருவன் சீண்டும்போது நீங்கள் தலையைத் திருப்பிக்கொள்கிறீர்கள். அதுதான் அவனுக்குத் தைரியம். ஒரு சத்தம் போடுங்கள், போதும்' என்று எடுத்துச் சொன்னார்கள். ஒப்புக்கொண்ட கடைகளைப் பாதுகாப்பான இடங்களாக அறிவித்தார்கள்.

2014-ல் கெய்ரோ பல்கலைக்கழகம் சீண்டலுக்கு எதிரான விதிமுறையைக் கொண்டுவந்ததில் இந்த அமைப்புக்கும் பங்கு உண்டு. அதே ஆண்டு ஜூனில், குறைந்தது 6 மாதச் சிறை என்று தண்டனை விதித்து எகிப்து அரசு சட்டம் போட்டது. 2021-ல் தண்டனை மேலும் கடுமையாக்கப்பட்டது. பல அமைப்புகள் பல்லாண்டுகள் போராடியதன் பலன் அது. ஆயினும் சட்டம் புத்தகத்தில் இருக்கும். கடைக்காரர் தெருவில் இருக்கிறார். நம் ஊர்க் கடைவீதி வழியாகப் பள்ளிக்கூடமும் கல்லூரியும் போகும் பெண் பிள்ளைகளுக்கு நம் கடைகள் அரணாக இருக்கின்றனவா, அல்லது வேடிக்கை பார்க்கும் திண்ணையாக இருக்கின்றனவா? பதிலை உங்கள் கல்லாவில் உட்கார்ந்தபடியே யோசியுங்கள்.

லைக் போட்டால் பசி தீருமா?

வென்ற கதைகளை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மையல்ல. வெறும் ஆரவாரமாகப் போன கதைகளும் உண்டு.

சூடானின் தார்ஃபூர் பகுதியில் 2003 முதல் நடந்த கொடுமையில் கொல்லப்பட்டவர்களும் முஸ்லிம்கள், கொன்றவர்களும் முஸ்லிம்கள். லட்சக்கணக்கானோர் மாண்டனர். அம்மக்களுக்காகப் பேஸ்புக்கில் ஒரு பிரச்சாரம் தொடங்கி, 10 லட்சத்துக்கும் அதிகமானோர் அதில் சேர்ந்தார்கள். அதை ஆராய்ந்த சமூகவியல் அறிஞர்கள் 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். சேர்ந்தவர்களில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஒரு காசுகூடக் கொடுக்கவில்லை! பெரும்பாலோர் இன்னொருவரைச் சேர்க்கவும் இல்லை. மொத்தம் சேர்ந்த தொகை 1 லட்சம் டாலரைத் தொடவில்லை. ஆளுக்குப் பத்து சென்ட்கூட வராது. பெயரைக் கொடுத்ததே பெரிய தியாகம் என்று நினைத்துவிட்டார்கள் போலும்!

'கோனி 2012' இன்னொரு பாடம். உகாண்டாவில் சிறுவர்களைக் கடத்திக் கையில் துப்பாக்கி கொடுத்த ஜோசப் கோனி என்ற கொடியவனைப் பிடிக்க வேண்டும் என்று அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஒன்று 2012 மார்ச் 5 அன்று அரைமணி நேரப் படம் ஒன்றை வெளியிட்டது. ஆறே நாளில் 10 கோடி முறை பார்க்கப்பட்டது. ஏப்ரல் 20 இரவு எல்லோரும் தெருவில் இறங்கிச் சுவரொட்டி ஒட்ட வேண்டும் என்று அழைத்தார்கள். வந்தவர்கள் சொற்பம். இதற்குள், 'வசூலான பணம் எங்கே போகிறது? உகாண்டா மக்களை ஏன் பேசவிடவில்லை?' என்ற கேள்விகள் கிளம்பிவிட்டன. 2017-ல் அமெரிக்காவும் உகாண்டாவும் அவனைத் தேடும் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டன. கோனி பிடிபடவே இல்லை.

நேர்மாறாக ஒன்று. 2014 கோடையில் தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டு படம் போடும் பழக்கம் உலகம் முழுவதும் பரவியது நினைவிருக்கும். பலர் அதைக் கேலி செய்தார்கள். ஆனால் 'ஏ.எல்.எஸ்.' என்ற நரம்பு நோய்க்காகப் பாடுபடும் அமெரிக்கச் சங்கத்துக்கு அதன் மூலம் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. எந்த ஆராய்ச்சிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று அவர்கள் கணக்கை வெளியிட்டார்கள். அந்தப் பணத்தில் நடந்த ஆராய்ச்சி 2016-ல் அந்நோயோடு தொடர்புடைய ஒரு மரபணுவைக் கண்டுபிடிக்க உதவியது. வேறுபாடு எங்கே? கேட்டது தெளிவு, கொடுத்தது எங்கே போயிற்று என்பதும் தெளிவு. வியாபாரிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கணக்கு நேரானால் கஸ்டமர் திரும்ப வருவார்!

குழாய் யாருடையது?

தண்ணீர் நம்முடையதாக இருக்கலாம்; குழாய் அடுத்தவனுடையது. இதை மறந்து பேசும் இளைஞர்களுக்குச் சில செய்திகள்.

துனீசியாவில் போராட்டம் நடந்தபோது, பேஸ்புக்கில் நுழைவோரின் பாஸ்வேர்டைத் திருடும் ஏற்பாட்டை அங்கே ரகசியமாகச் செய்திருந்தார்கள். பேஸ்புக் நிறுவனம் கண்டுபிடித்து, 2011 ஜனவரியில் அந்நாட்டுக்குப் பாதுகாப்பான வழியை மாற்றிக் கொடுத்தது. ட்விட்டர் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே சவூதி அரசுக்காக உளவு பார்த்த ஒருவரை 2022 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்த்தது. அதே மாதம், இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துவந்த சல்மா அல் ஷிஹாப் என்ற சவூதிப் பெண்ணுக்கு, ட்விட்டரில் எழுதியதற்காக 34 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இரண்டு பிள்ளைகளின் தாய். பிறகு தண்டனை குறைக்கப்பட்டு 2025-ல்தான் வெளியே வந்தார்.

எகிப்தில் 2008 ஏப்ரல் 6 அன்று மஹல்லா நகரின் நெசவாலைத் தொழிலாளர்களுக்கு ஆதரவாகப் பேஸ்புக்கில் அழைப்பு விடுத்துப் பல்லாயிரம் பேரைத் திரட்டிய இஸ்ரா அப்துல் ஃபத்தாஹ் அப்போதும் கைதானார். ஆட்சி மாறி, மறுபடி மாறி, 2019-லும் கைதாகி, 2021 ஜூலை வரை சிறையில் இருந்தார். துனீசியாவிலும் 2022-ல் வந்த 54-ம் எண் ஆணையைக் காட்டி, பேசியதற்கும் எழுதியதற்கும் மறுபடியும் சிறை. பெற்ற உரிமையைக் காத்துக்கொள்ள அமைப்பு பலம் இல்லாவிட்டால் அது கையைவிட்டுப் போய்விடும் என்பதற்கு இவை சாட்சிகள்.

மியான்மரை மறக்க முடியுமா? ரோஹிங்கியா மக்களுக்கு எதிரான வெறுப்பு பல ஆண்டுகளாகப் பேஸ்புக்கில் விதைக்கப்பட்டது. 2017 ஆகஸ்டுக்குப் பின் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்காளதேசத்துக்கு ஓடினார்கள். அந்த வெறுப்பைப் பரப்பியதில் சமூக வலைத்தளத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்று ஐ.நா. விசாரணையாளர்கள் 2018-ல் கூறினார்கள். 'தடுக்கப் போதிய அளவு செயல்படவில்லை' என்று அதே ஆண்டு நிறுவனமும் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டு என்ன பயன்? போன உயிர் வந்துவிடுமா?

நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, விசாரித்துவிட்டு அனுப்புங்கள். ஹதீஸ் கலை படித்தவர்கள் செய்தியின் அழகில் மயங்கமாட்டார்கள். யார் சொன்னது, அவர் யாரிடம் கேட்டார் என்று ராவிகளின் தொடரைத் தேடுவார்கள். அந்த மரபின் வாரிசுகளாகிய நாம், 'வந்தது, அனுப்பினேன்' என்று சொல்லலாமா? 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பி, குலதெய்வக் கோயிலுக்கு வந்த வயதான பெண்ணை அடித்தே கொன்றார்கள். அடித்தவர்கள் மட்டுமா குற்றவாளிகள்? அந்தச் செய்தியைத் தள்ளிவிட்ட ஒவ்வொரு விரலும் கேள்விக்குரியதே!

இரண்டாவது, தேதியும் இடமும் இல்லாத செய்தி செய்தியே அல்ல. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் சமூக வலைத்தளங்கள் பெரும் உதவி செய்தன. பள்ளிவாசல்கள் திறந்துவிடப்பட்டன. நம் இளைஞர்கள் கழுத்தளவு நீரில் இறங்கினார்கள். ஆனால் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாகப் பொய்யும் பரவியது. ஏற்கெனவே மீட்கப்பட்டவர்களுக்காக உதவி கேட்கும் பழைய செய்திகள் சுற்றிக்கொண்டே இருந்தன. படகு வீணாக அலைந்தால், காத்திருப்பவர் கதி என்ன?

மூன்றாவது, எழுதுவதோடு நிற்காமல் ஒரு வேலையைச் சேர்த்து எழுதுங்கள். 'கண்டிக்கிறோம்' என்பது வேலை அல்ல. இன்ன அலுவலகத்தில் இன்ன தேதியில் மனு கொடுக்கிறோம், இன்ன இடத்தில் ரத்தம் தேவை, இன்ன மாணவிக்கு இவ்வளவு கட்டணம் குறைகிறது என்பதுதான் வேலை.

நான்காவது, வசூல் செய்தால் கணக்குக் காட்டுங்கள். வந்தது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, மீதி எவ்வளவு என்று ரசீதோடு வெளியிடுங்கள். ஆனால் உதவி பெறும் ஏழையின் முகத்தைப் படம் எடுத்து ஊருக்குக் காட்டாதீர்கள். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று மேடையில் பேசுகிறோம். போனில் மட்டும் ஊருக்கே தெரிய வேண்டுமா?

ஐந்தாவது, பாதிக்கப்பட்டவரின் பெயர், முகவரி, படம் ஆகியவற்றை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடாதீர்கள். பாஸ்வேர்டை யாரோடும் பகிராதீர்கள். ஆதாரங்களைப் பேஸ்புக்கில் மட்டும் போட்டுவிட்டு இருக்காதீர்கள். தனியே பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். குழாய்க்காரன் எப்போது வேண்டுமானாலும் அடைப்பான்.

ஆறாவதுதான் மிக முக்கியமானது. நம் சமுதாயத்துப் பெண்களுக்கு இந்தப் பணியில் இடம் கொடுங்கள். ஒரு முஸ்லிம் பெண் தன் பெயரில் பொதுப் பிரச்சினை ஒன்றை எழுதினால், மாற்றாரிடமிருந்து வரும் வசை ஒரு பக்கம் இருக்கட்டும். நம்மவர்களே, 'உனக்கு ஏன் இந்த வேலை?' என்று வரிந்துகட்டிக்கொண்டு வருகிறார்கள். பிரசவ வார்டில் நடக்கும் லஞ்சத்தை ஆண்கள் எழுத முடியுமா? ரேஷன் கடை வரிசையில் மணிக்கணக்கில் நிற்பது யார்? பெண் பிள்ளைகளின் படிப்பு எந்த வகுப்போடு, எதனால் நிற்கிறது என்பது யாருக்குத் தெரியும்? கண்ணால் கண்டவர்தான் சாட்சி சொல்ல முடியும். கண்டவரின் வாயைப் பொத்திவிட்டு, காணாதவர்கள் மைக் பிடித்துக்கொண்டிருந்தால் அந்த வழக்கு எப்படி வெல்லும்?

ஆகவே ஒவ்வொரு மஹல்லாவிலும் படித்த பெண்கள் ஐந்து பேர், இளைஞர்கள் ஐந்து பேர், வணிகர்கள் இரண்டு பேர் கொண்ட சிறு குழுவை அமையுங்கள். பெண்கள் தகவல் திரட்டட்டும். இளைஞர்கள் ஓடி ஆடிச் சரிபார்த்து மனு எழுதட்டும். வணிகர்கள் செலவையும் கணக்கையும் ஏற்றுக்கொள்ளட்டும். ஊரில் குடிநீர் வராத தெரு எது, மருத்துவர் இல்லாத நாள் எது, படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் போடுங்கள். அந்தப் பட்டியலை முதலில் ஜமாஅத் கூட்டத்தில் வையுங்கள். பிறகு அதிகாரியிடம் கொண்டுபோங்கள். பதில் வராவிட்டால் ஊரறிய வெளியிடுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

சகோதரர்களே! நைரோபியில் ஒரு வழக்கறிஞர், துனிஸில் ஒரு நோயாளி ஆசிரியை, கெய்ரோவில் சில பெண்கள். அவர்களிடம் இருந்த கருவி இன்று உங்கள் சட்டைப் பையிலும் இருக்கிறது. அவர்களுடையதைவிட விலை உயர்ந்ததாகவே இருக்கும். அவர்கள் கண்டதைச் சொன்னார்கள், சொன்னதற்குப் பொறுப்பேற்றார்கள், பொறுப்பேற்றதற்கு விலை கொடுத்தார்கள்.

நாம் கேட்டதைச் சொல்கிறோம், சொன்னதை மறந்துவிடுகிறோம்.

அடுத்த முறை போனைக் கையில் எடுக்கும்போது உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நான் சாட்சியா, வேடிக்கை பார்ப்பவனா?